வேலை நாளுக்குள் ஐந்து வக்து

ஐந்து வக்திலும் (தொழுகை நேரங்களிலும்) பர்ளு (கட்டாயத் தொழுகை) மட்டும் 17 ரக்அத் (நின்று, குனிந்து, தரையில் தலை வைக்கும் ஒரு சுற்று). ஸுப்ஹு (விடியற்காலை) 2, லுஹர் (மதியம்) 4, அஸர் (பிற்பகல்) 4, மஃரிப் (சூரியன் மறைந்ததும்) 3, இஷா (இரவு) 4. அவசரமில்லாமல் தொழுதாலும், ஐந்து முறை உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்வதைச் சேர்த்தாலும் மொத்தம் முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அப்படியிருந்தும் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ மட்டும் நிற்கிறது, மற்றவை நழுவிவிடுகின்றன. ஏன் என்று கேட்டால் "ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனம்" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். இருக்கலாம். ஆனால் தவறிய தொழுகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சாக்ஸ் நனைந்துவிடும், கிப்லா (தொழும்போது நோக்க வேண்டிய, மக்காவின் கஃபா இருக்கும் திசை) தெரியவில்லை, மீட்டிங் நீண்டுவிட்டது, ரயிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்கிற சில்லறைக் காரணங்கள்தான் கையில் வரும். சில்லறைக் காரணங்களுக்குச் சில்லறை ஏற்பாடுகள் போதும். உள்ளச்சத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

முதலில் நேரம். பள்ளிவாசல் பலகையில் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நேரம்தான் பெரிதாக இருக்கும். தனியாகத் தொழ நேர்கிறவருக்கு அது போதாது; வக்து எப்போது நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்ற இரண்டு முனைகளும் தெரிய வேண்டும். சென்னையில் லுஹர் நவம்பர் தொடக்கத்தில் 11:53 வாக்கில் நுழையும், பிப்ரவரியில் 12:23 வாக்கில். அஸர் ஷாஃபி முறைப்படி (ஷாஃபி, ஹனஃபி இரண்டும் மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்ட வழிமுறைகள்) மாதத்தைப் பொறுத்து மூன்றே காலிலிருந்து மூன்றே முக்காலுக்குள் வரும். அதாவது எந்த மாதத்திலும் லுஹருக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி உண்டு. லுஹரைத் தவற விடுகிறவருக்கு நேரத்தைக் குறை சொல்ல வழியே இல்லை.

அஸர்தான் சிக்கல். நிழல், உச்சி நேரத்து நிழல் போக, பொருளின் அளவுக்கு வந்தால் ஷாஃபியில் அஸர்; ஹனஃபியில் இரு மடங்கு வர வேண்டும். இந்த வித்தியாசம் சென்னையில் 50 நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை போகும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்க்காரர்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி. ஒரே அலுவலகத்தில் இருவரும் இருப்பார்கள். மொபைல் ஆப்பை நிறுவியவுடன் அதில் எந்த மத்ஹப் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் விடுவது மிகப் பரவலான தவறு. ஹனஃபிக்காரர் ஷாஃபி நேரத்தைப் பார்த்து அவசரப்படுவார். ஷாஃபிக்காரர் ஹனஃபி நேரத்தைப் பார்த்து, அதற்குள் ஜமாஅத் முடிந்துபோன பள்ளியில் போய் நிற்பார்.

வருடத்தில் தொழுகை அதிகம் நழுவும் காலம் நவம்பரும் டிசம்பரும். காரணம் எளிது. சூரியன் நவம்பர் பிற்பாதியில் 5:40-க்கே மறைந்துவிடும். ஹனஃபி அஸர் நாலு மணியைத் தாண்டித்தான் நுழையும். வெயில் மஞ்சளித்த பிறகு அதைத் தள்ளிப்போடுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம் சொச்சம், அதுவும் அலுவலகத்தின் கடைசி மீட்டிங் நேரம். அது முடிந்து பஸ் ஏறும்போது மஃரிப். மஃரிபின் நேரம் ஒன்றேகால் மணிதான். தாம்பரத்துக்கும் அம்பத்தூருக்கும் போகிறவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது இஷா பாங்கு கேட்கும். இந்த இரண்டு மாதமும் மஃரிபை வழியில் தொழுதே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். பஸ் மாறும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி, உளூ செய்ய எந்த வாசல், செருப்பு எங்கே வைப்பது என்பது வரை ஒரு விடுமுறை நாளில் நடந்து பார்த்து வைத்துக்கொண்டால், வேலை நாளில் யோசிக்க எதுவும் மிஞ்சாது. ஜூலையில் சூரியன் 6:39 வரை இருப்பதால் இந்தப் பிரச்சினை தானாகவே தளர்ந்துவிடும்.

ஸுப்ஹுக்கு நிலைமை நேர் தலைகீழ். ஜனவரி கடைசியில் சென்னையில் சூரிய உதயம் 6:35 வாக்கில், ஜூன் தொடக்கத்தில் 5:42 வாக்கில். உதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முன்பு வக்து நுழையும். புதிதாக ஸுப்ஹைப் பிடிக்க நினைக்கிறவர் ஜனவரியில் ஆரம்பிப்பது நல்லது. அப்போது 5:45-க்கு எழுந்தாலும் தாராளமாக நேரம் இருக்கும். உடம்பு பழகிய பிறகு உதயம் முன்னால் நகர நகர எழும் நேரமும் வாரத்துக்குச் சில நிமிடம்தான் நகரும். ஜூனில் தொடங்கினால் முதல் நாளே நாலரை மணியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இன்னொரு பொறி, ஆர்வத்தில் முதல் வாரமே தஹஜ்ஜுதும் (பின்னிரவு உபரித் தொழுகை) சேர்த்துத் தொழ முயல்வது. இரண்டாவது வாரம் தூக்கம் வட்டியோடு வசூலிக்க வரும்போது தஹஜ்ஜுதோடு ஸுப்ஹும் சேர்ந்து போய்விடும். முதல் இரண்டு மாதம் இரண்டு ரக்அத் சுன்னத் (நபிவழித் தொழுகை), இரண்டு ரக்அத் பர்ளு, அவ்வளவே.

எழுவதற்கான வேலை இரவில்தான் நடக்கிறது. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பேச்சு மொபைலுக்குள் நடக்கிறது. அலாரத்துக்கு மொபைலை நம்பினால் அது தலையணைக்கடியில் வந்து படுத்துக்கொள்ளும். சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்றை எழுந்து நடந்தால்தான் எட்டும் தூரத்தில் வைப்பது மேல். திருமணமானவர்களிடம் ஹள்ரத்துமார்கள் (மார்க்க அறிஞர்கள்) கூச்சத்தில் அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு: ஸுப்ஹு தவறுவதற்குத் தூக்கத்தைவிடக் குளிப்புக் கடமைதான் பல வீடுகளில் காரணம். இரவிலேயே குளித்துவிட்டுப் படுத்தால் தீர்ந்தது. முடியாவிட்டால் வாளியில் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் துண்டும் மாற்றுத் துணியும் தயாராக இருக்கட்டும். கடமையான குளிப்பு ஐந்து நிமிட வேலை, ஒரு வாளித் தண்ணீர் போதும்.

உதயத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விழிப்பு வந்தால் என்ன செய்வது? ஷாஃபியில் உதயத்துக்கு முன் ஒரு ரக்அத் கிடைத்துவிட்டால் தொழுகை வக்துக்குள் கிடைத்ததாகக் கணக்கு. ஹனஃபியில் தொழுதுகொண்டிருக்கும்போது சூரியன் உதித்தால் அந்த ஸுப்ஹு கூடாது. 20 நிமிடம் போலப் பொறுத்து களாச் செய்ய (தவறியதைப் பிறகு தொழ) வேண்டும். எந்த மத்ஹபானாலும் முழுதாகத் தவறிவிட்டால் "இன்றைக்குப் போச்சு" என்று அன்றைய நாள் முழுவதையும் கைவிடுவதுதான் பெரிய நஷ்டம். தூங்கியோ மறந்தோ விட்டவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்பதுதான் ஹதீஸ்.

அடுத்தது தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து (பழைய அரபு முகத்தலளவை) அளவு தண்ணீரில் உளூ செய்தார்கள். இன்றைய கணக்கில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். குழாயைத் திறந்து விட்டுச் செய்தால் இதைப் போலப் பல மடங்கு ஓடும், தரையும் குளமாகும். அலுவலகத்தில் சக ஊழியர்களுக்கு எரிச்சல் வருவது தொழுகையால் இல்லை, வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைப்பதாலும் வழுக்கும் தரையாலும்தான். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றில் முக்கால் நிரப்பிக்கொண்டு கழிப்பறைக்குள் கால் கழுவிவிட்டு, கையோடு கொண்டுபோன துணியால் தரையைத் துடைத்துவிட்டு வந்தால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. தண்ணீர் குறைவாக எடுக்கும்போது கவனம் வேண்டிய இடம் குதிகால். அது காய்ந்து கிடந்ததைப் பார்த்துக் கடுமையாக எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. முழங்கையின் பின்புறம், இறுக்கமான வாட்ச் பட்டைக்கு அடிப்பகுதி, மோதிரத்தடி ஆகியவை மற்ற வழக்கமான காய்ந்த இடங்கள். பெயின்ட், பசை, நகப்பூச்சு மேலே படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. அதைச் சுரண்டி எடுக்காமல் உளூ கூடாது.

கால் கழுவும் பாட்டையே தவிர்க்க ஒரு சலுகை இருந்தும் நம் ஊரில் பயன்படுத்துகிறவர்கள் குறைவு: தோல் காலுறை. காலையில் முழு உளூ செய்துவிட்டு, கணுக்கால் மூடும் தோல் காலுறையை அணிந்துகொண்டால், ஊரில் இருப்பவர் 24 மணி நேரம், பயணி 72 மணி நேரம் வரை காலைக் கழுவாமல் ஈர விரல்களால் மேற்புறத்தில் மஸ்ஹு (தடவுதல்) செய்துகொள்ளலாம். கணக்கு தொடங்குவது அணிந்த நேரத்திலிருந்து அன்று; அணிந்த பின் முதன்முதலாக உளூ முறிந்த நேரத்திலிருந்து. இடையில் கழற்றிவிட்டால் சலுகை போய்விடும், காலைக் கழுவியாக வேண்டும். சாதாரணப் பருத்தி, நைலான் சாக்ஸுக்கு ஹனஃபியிலும் ஷாஃபியிலும் இது செல்லாது.

இடம் என்பது இரண்டடிக்கு நாலடி சுத்தமான தரை, அவ்வளவுதான். திசைதான் கேள்வி. சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கு இல்லை. மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 18 டிகிரி. மதுரையில் 22 டிகிரி. மொபைல் திசைகாட்டி இரும்பு மேசை, லிஃப்ட், காந்த மூடி போட்ட மொபைல் கவர் எதற்குப் பக்கத்தில் இருந்தாலும் பொய் சொல்லும். ஒருமுறை சரியாகக் குறித்து வைக்க ஆண்டில் இரண்டு நாள் உண்டு. மே 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2:48-க்கும், ஜூலை 16 அன்று 2:57-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டால், நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிய கோடுதான் கிப்லா. ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோட்டைக் கட்டிடத்தின் ஏதாவது ஒரு சுவரோடு ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாடியிலும், எந்த அறையிலும் பயன்படும்.

மேலதிகாரியிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. "தொழ நேரம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் அவர் மனதில் அரை மணி, ஒரு மணி என்று விரியும். "மதியம் சாப்பாட்டு இடைவேளைக்குள் 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் ஒரு மணி" என்று எண்ணாகச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். சொன்ன 10 நிமிடம் 10 நிமிடமாகவே இருக்க வேண்டும். லுஹருக்கு முன்னும் பின்னும் உள்ள சுன்னத்துக்கு உணவு இடைவேளை இடம் தரும். வேலை நேரத்தில் நஃபிலை (உபரித் தொழுகையை) நீட்டுவது அடுத்தவர் காசில் செய்யும் இபாதத் (வணக்கம்). உடன் தொழ இன்னொருவர் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்தாலே ஜமாஅத். பின்பற்றுகிறவர் இமாமின் வலப்பக்கம் நின்றுகொள்வார். 27 மடங்கு நன்மை ஒருபுறம் இருக்க, ஒருவர் மறந்தால் மற்றவர் வந்து மேசையைத் தட்டுவார் என்பதே பாதிப் பாதுகாப்பு.

இத்தனையும் கூடிவந்து தக்பீர் கட்டிய (தொழுகையைத் தொடங்கிய) பிறகும் பலர் சொல்லும் குறை: "தொழுகிறேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை." தோன்றுவதற்கு நேரம் கொடுத்தோமா என்று முதலில் பார்க்க வேண்டும். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் ஏழு ஆயத்தையும் (வசனத்தையும்) ஒரே மூச்சில் ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு வினாடி. ஒவ்வொரு ஆயத்திலும் நிறுத்தி ஓதினால் அரை நிமிடத்துக்கு மேல். நபி (ஸல்) அவர்கள் ஆயத்துக்கு ஆயத்து நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் சொல்லை நபி எடுத்துரைப்பது) ஒன்றே போதும்: அடியான் "அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான் அல்லாஹ். "இய்யாக்க நஃபுது" என்றதும் "இது எனக்கும் அவனுக்கும் இடையில் உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு" என்கிறான். பதில் வருகிற இடத்தில் இடைவெளி விடாமல் அடுத்ததற்கு ஓடுவது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது புரிந்துவிட்டால், நிறுத்துவதற்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பர்ளில் மட்டும் 17 முறை இந்த உரையாடல் நடக்கிறது. இமாமுக்குப் பின்னால் நிற்கும் ஹனஃபிக்காரர் ஓதாமல் கேட்பார். லுஹர், அஸரில் மௌனமாக நிற்பார். அப்போது பொருளை மனதில் ஓட்டிக்கொள்ளலாம்.

பொருள் தெரிந்துகொள்வதை மொத்தமாகச் செய்ய முயன்றால் தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கம்) புத்தகம் அலமாரியில் நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு துண்டு போதும். முதலில் ஃபாத்திஹா, பிறகு ருகூவிலும் (குனிதல்) ஸஜ்தாவிலும் (தரையில் தலை வைத்தல்) சொல்லும் தஸ்பீஹ் (துதி), பிறகு உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும். இவை எல்லாத் தொழுகையிலும் வருவதால் உழைப்பு வீணாகாது. அதற்கடுத்து ஃபீலிலிருந்து நாஸ் வரை கடைசிப் பத்து சூராக்கள். பெரும்பாலானவர்கள் இஃக்லாஸும் கவ்ஸரும் தவிர வேறு எதையும் ஓதுவதில்லை. பழகிய சூரா நாக்கிலிருந்து தானே இறங்கிவிடும், மனம் அதற்குள் கடைக் கணக்குக்குப் போய்விடும். பத்தையும் மாற்றி மாற்றி ஓதினால், அடுத்து எது என்று யோசிக்கவாவது மனம் திரும்பி வரும்.

உறுப்புகளின் நிதானம் இதைவிட முக்கியம். அவசரமாகத் தொழுத ஒருவரை "திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ருகூவிலிருந்து நிமிர்ந்து முதுகு நேராவதற்குள் ஸஜ்தாவுக்கு விழுவதும், இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவில் உட்காராமல் குத்திவிட்டு எழுவதும்தான் அதிகம் காணப்படும் குறைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு "ஸுப்ஹானல்லாஹ்" சொல்லும் நேரமாவது உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். இது ஷாஃபியில் ருக்னு (தொழுகையின் அடிப்படைத் தூண்), ஹனஃபியில் வாஜிபு (அதற்கு அடுத்த படியிலுள்ள கட்டாயம்). இந்த நிதானம் ஒரு ரக்அத்துக்குக் கூட்டுவது சில வினாடிகள்தான். மனம் ஒன்றுவதற்கு வேறு எந்தப் பயிற்சியையும்விட இதுவே சீக்கிரம் பலன் தருகிறது, ஏனென்றால் உடம்பு நின்றால்தான் மனம் தான் ஓடுவதையே கவனிக்கும்.

சாப்பாடு எடுத்து வைத்த பிறகும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் தொழக் கூடாது என்று ஹதீஸில் நேரடியாகவே இருக்கிறது. லுஹருக்குத்தான் மூன்று மணி நேரம் இருக்கிறதே. பசித்தால் சாப்பிட்டுவிட்டுத் தொழுங்கள். எத்தனை ரக்அத் என்று சந்தேகம் வந்தால் ஷாஃபியில் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு முடித்து, ஸலாமுக்கு (தொழுகையை முடிக்கும் வாழ்த்துக்கு) முன் இரண்டு ஸஜ்தா. ஹனஃபியில் சந்தேகம் அடிக்கடி வருகிறவர் மனம் அதிகம் சாய்கிற எண்ணை எடுப்பார். எதிலும் சாயாவிட்டால் குறைந்த எண். கடைசி அத்தஹிய்யாத்துக்குப் பின் வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்து ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா) செய்வார்.

நம் சொந்தக் கவலையைச் சொந்த மொழியில் கேட்பதற்கு இடம் ஸலாம் கொடுத்த பின். தஸ்பீஹ் (ஸுப்ஹானல்லாஹ்) 33, தஹ்மீத் (அல்ஹம்துலில்லாஹ்) 33, தக்பீர் (அல்லாஹு அக்பர்) 34 சொல்ல இரண்டு நிமிடம். அதன் பின் இரண்டு நிமிடம் கையேந்தித் தமிழில் கேட்கலாம். மகளின் கல்யாணம், கடன், உம்மாவின் மூட்டுவலி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மனப்பாடம் செய்த நீண்ட அரபு துஆவை மட்டும் ஒப்பித்துவிட்டு எழுந்துபோகிறவர்களுக்குத் தொழுகை வறண்டுபோனதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பயணத்தில் நிலைமை மாறும். 80 கிலோமீட்டர் அளவுக்கு மேல் போகிறவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஸுப்ஹும் மஃரிபும் சுருங்காது. ஷாஃபியில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இல்லை. எழும்பூரில் ஏறித் தெற்கே போகும் ரயிலில் வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் மேற்கு. அங்கிருந்து வண்டியின் பின்புறமாகச் சற்றே திரும்பினால் கிப்லா. ரயில் குழாயில் விடியற்காலை தண்ணீர் இருக்கும் என்று நம்பாமல் ஒரு பாட்டிலை ஸுப்ஹுக்கென்றே படுக்கையடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் இறங்கித் தொழலாம் என்று நினைத்து வண்டியைத் தவற விட்டவர்கள் ஏராளம்.

பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, களாவும் இல்லை. ஆனால் அந்த இடைவெளிக்குப் பிறகு மறுபடி தொடங்குவது பலருக்குக் கனமாக இருக்கிறது. அந்த நாட்களிலும் வக்து வந்ததும் அதே விரிப்புப் பக்கத்தில் ஐந்து நிமிடம் திக்ரும் (இறை நினைவு) துஆவுமாக உட்கார்ந்தால் பழக்கம் அறுபடாது. சிறு குழந்தை முதுகில் ஏறினால் பதற வேண்டாம். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே நபி (ஸல்) அவர்கள் தொழுதிருக்கிறார்கள்.

பல வருடத் தொழுகை பாக்கி இருக்கிறவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே மலைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பர்ளோடும் அதே வக்தின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதால் ஒரு வருடப் பாக்கி ஒரு வருடத்தில் முடியும். ஹனஃபியில் வித்ரும் (இஷாவுக்குப் பின் தொழும் வாஜிபுத் தொழுகை) சேரும். பருவமடைந்த வயதிலிருந்து எத்தனை வருடம் என்று உத்தேசமாகக் கணக்கிட்டு, ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, முடிந்ததை அடித்துக்கொண்டே வரலாம். நஃபில் தொழுவதற்குப் பொருத்தமில்லாத அஸருக்குப் பின்னான நேரத்திலும் களா செல்லும். ஹனஃபியில் மட்டும் வெயில் மஞ்சளிப்பதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நோயால் ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாக ஈடுகட்டப் போகாமல், விட்ட கட்டத்திலிருந்து அதே ஒன்று ஒன்றாகத் தொடர்ந்தால் போதும்.